அப்பா கடலில் விட்டது

ஆகஸ்ட் 3, ஞாயிறு

மேசைக்கால் ஆடாமல் இருக்க அம்மா முட்டுக் கொடுத்திருந்த டைரி இது. உருவிவிட்டேன். இனி மேசை ஆடும், நான் எழுதுவேன். அப்பா வேலை பார்த்த தீப்பெட்டிக் கம்பெனி, அவர் ரிட்டயர் ஆகி ஐந்து வருஷமான பிறகும் தவறாமல் ஒரு டைரி கொடுத்தனுப்புகிறது. அட்டையில் ஒரு கிளி. உள்ளே ஏழு மாதம் வெள்ளை.

எழுதச் சொன்னது கனகவல்லி டீச்சர். வெள்ளிக்கிழமை பிரேயரில் தலைமையாசிரியை மைக்கைப் பிடித்ததும் பின்வரிசையிலிருந்து ஓர் இருமல் கிளம்பியது. முதலில் லாரி ஸ்டார்ட் ஆகாமல் மூன்று இழுப்பு. பிறகு என்ஜின் பிடித்து ஒரு நீள ஓட்டம். கடைசியில் பிரேக் போட்டதுபோல் ஒரு கீச்சு. "யாரோ பெரியவங்க வந்திருக்காங்க, நாற்காலி போடுங்க" என்றார் தலைமையாசிரியை. வாட்ச்மேன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். உட்கார ஆள் இல்லை.

இருமியது நான். வள்ளிமயில், பதினொன்றாம் வகுப்பு. இருமல் மட்டும் எங்கள் அப்பாவுடையது.

"செஞ்ச சேட்டைய ஒரு மாசத்துக்குத் தெனமும் எழுதி வையி. எழுதும்போதாவது வெக்கம் வருதான்னு பாப்போம்" என்றார் டீச்சர். எழுதிவிட்டேன். இன்னும் வரவில்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

சேட்டை ஒன்றும் இல்லை. தலைவலி.

ஆகஸ்ட் 9, சனி

அப்பாவை எங்கள் தெரு டாக்டரிடம் கூட்டிப்போனோம். அப்பாவுக்கு வருவது இருமல் இல்லை, நானூறுமல். காலையில் சட்டை போடும்போது ஆரம்பித்தால் கடைசிப் பொத்தான் வரும்போதுதான் நிற்கும். மாடிப்படி பதினான்கு. ஏழாவதில் நின்று, சுவரில் இல்லாத காலண்டரைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்.

அப்பா பெயர் சங்கரபாண்டி. வயது அறுபத்து மூன்று. அவருடைய நாற்பத்தேழாவது வயதில் நான் பிறந்தேன். பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு வந்தால் "தாத்தா வந்திருக்காக" என்று என்னிடம் சொல்லாத பிள்ளையே கிடையாது. ஆனால் எந்தத் தாத்தா ஹாக்கி மைதானத்தில் அம்பயராக ஓடுவார்? கோவில்பட்டியில் ஞாயிற்றுக்கிழமை மேட்ச் என்றால் அப்பா விசில்தான். பேருந்து நிலையம் வரை கேட்கும் என்பார்கள்.

டாக்டர் முதுகில் குழாயை வைத்துக் கேட்டார். "சிகரெட், பீடி எதுவும் உண்டா? முன்னாடி இருந்துச்சா?"

அப்பா வாயைத் திறப்பதற்குள் அம்மா, "எங்க வீட்ல அந்தப் பேச்சே கெடையாது டாக்டர்" என்றாள். அப்பா மின்விசிறியைப் பார்த்தார்.

வீசிங்காக இருக்கலாம் என்று சொல்லி ஒரு சிரப்பும் மாத்திரையும் கொடுத்தார். ஒரு மாதத்தில் குறையவில்லை என்றால் திருநெல்வேலி நெஞ்சு டாக்டரைப் பார்க்கவேண்டுமாம். அவரே போன் போட்டு செப்டம்பர் பத்தாம் தேதிக்குச் சொல்லிவைத்தார்.

வீட்டுக்கு வந்து, "யம்மா, அப்பா முன்னாடி குடிச்சாகதான, பழைய டீம் போட்டோவுல கையில சிக..." என்று ஆரம்பித்தேன். அம்மா என் வாயைப் பொத்தினாள். கையில் வெங்காய வாசனை.

"ஏட்டி, பேரச் சொல்லாத!"

எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் இல்லை. 'அது'தான். நான் ஏழு மாதத்தில் பிறந்து பத்தொன்பது நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தேனாம். அப்பா திருச்செந்தூர் போய், இடுப்பளவு கடலில் நின்று, பிள்ளை பிழைக்கட்டும் என்று வேண்டி, சட்டைப்பையில் இருந்த அதையும், தன் கம்பெனித் தீப்பெட்டியையும் கடலில் விட்டாராம். அதோடு சரி. பதினாறு வருஷமாகத் தொடவில்லை. நான் பெட்டியை விட்டு வெளியே வந்தேன், வள்ளிமயில் என்று பெயர் வைத்தார்கள்.

"சாமிகிட்ட விட்டதத் திரும்பப் பேரு சொல்லிக் கூப்பிடப்புடாது" என்றாள் அம்மா. "கூப்பிட்டா வந்திரும். வந்தா சும்மா வருமா? எதுக்காக விட்டாகளோ அதத் தூக்கிட்டுப் போயிரும்."

எதுக்காக என்பது நான்.

கூடத்து மூலையில் கொசுவத்தி வைக்கிற பித்தளைத் தட்டு ஒன்று உண்டு. அதன் விளிம்பில் மூன்று பள்ளம். கொசுவத்திக்கு எதற்குப் பள்ளம் என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். அழகுக்கு என்றாள்.

ஆகஸ்ட் 20, புதன்

சிரப்புக் குடித்தும் சிறப்பு இல்லை. இதை அப்பாவிடமே சொன்னேன். சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறியது. இனி சாப்பாட்டு நேரத்தில் ஜோக் கூடாது என்று அம்மா சட்டம் போட்டாள்.

என் வகுப்புப் பிரிசில்லா எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். அப்பா இருமியதைக் கேட்டு, "நீ நல்லாத்தான் இமிட்டேட் பண்ணிருக்க. ஆனா கடைசிக் கீச்சு உனக்கு வரலட்டி" என்றாள். பயிற்சி செய்யவேண்டும்.

செப்டம்பர் 7, ஞாயிறு

இன்றைய சேட்டை பெரியது. டீச்சர் கேட்ட ஒரு மாதம் முடிந்துவிட்டது, ஆனாலும் எழுதுகிறேன்.

காலையில் தெருக் கிளப்புகளுக்குள் ஃபைனல். அப்பாதான் அம்பயர். மைதானத்தைச் சுற்றி ஒரு முந்நூறு பேர். இரண்டாவது பாதியில், தன் பக்கத்துக் கோல் வட்டத்துக்குள் வைத்து வடக்குத் தெருப் பையன் காலில் பந்து பட்டது. ஹாக்கியில் அது ஃபவுல். எல்லாருக்கும் தெரிந்தது. அப்பா விசிலை வாயில் வைத்தார். கன்னம் உப்பியது. சத்தம் வரவில்லை. மறுபடியும் ஊதினார். சைக்கிள் டியூபில் காற்று இறங்குவதுபோல் 'புஸ்' என்று ஒன்று வந்தது. விசில் விழாததால் அவன் பந்தை அப்படியே தள்ளிக்கொண்டு அந்தக் கடைசி வரை போய் கோல் போட்டுவிட்டான்.

சண்டை. இரண்டு பக்கமும் மட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

"சார், விசில் அடிச்சீங்களா இல்லையா?"

அப்பா முழங்காலில் கையை ஊன்றிக் குனிந்து நின்றார். கையை மட்டும் ஆட்டினார், பேச்சு வரவில்லை.

பெஞ்சிலிருந்து ஒருத்தர் கத்தினார்: "பெருசுக்கு மூச்சே இல்லப்பா! வீட்டுக்கு அனுப்பிட்டு ஒரு எளவட்டத்தக் கொண்டாங்க!" சிரிப்பு.

நான் உள்ளே ஓடி, அப்பா கழுத்தில் தொங்கிய விசிலைப் பிடுங்கி உயரத் தூக்கிக் காட்டினேன். "யாரும் அப்பாவத் திட்டாதீங்க! நாந்தான் நேத்து உள்ள பபிள்கம் ஒட்டி வச்சேன்! சும்மா வெளையாட்டுக்கு!"

என் பெயருக்கு இந்த ஊரில் உள்ள மரியாதையால் எல்லாரும் உடனே நம்பினார்கள். "சங்கரபாண்டி மகளா? செய்வா, செய்வா." பெஞ்சு ஆள் தலையில் அடித்துக்கொண்டார். ஆட்டத்தைத் திரும்ப ஆட முடிவாயிற்று. வேறு ஆள், வேறு விசில்.

அப்பா நிமிர்ந்தார். என்னைப் பார்த்தார். முந்நூறு பேர் முன்னால் கன்னத்தில் ஓர் அறை கொடுத்தார். இதுவரை அடித்ததே இல்லை. அந்த அறைக்கு அவருக்கு மூச்சு இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் குழாயடியில் உட்கார்ந்து, ஊக்கை வைத்து விசிலைக் குத்திக் குத்திச் சுத்தம் செய்தார். ரொம்ப நேரம்.

"எந்தக் கடையிலட்டி பபிள்கம் வாங்குன?" என்றாள் அம்மா. ஞாபகம் இல்லை என்றேன்.

செப்டம்பர் 8, திங்கள்

பள்ளிக்கூடத்தில் நான் இன்று ஹீரோயின். ஒரே நாளில் எனக்கு நான்கு பபிள்கம் பரிசு.

சாயந்திரம் அம்மா போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள். "ஆமா, பத்தாந்தேதிக்குப் போறதாத்தான் இருந்துச்சு. மைதானத்துல அவுகளுக்கு மூச்சு வராமப் போச்சோன்னு ஒரே பயம். பாத்தா இந்தக் கழுத பண்ணுன வேலை. விசிலுக்கு வந்த வியாதிக்கு எதுக்கு அம்புட்டுத் தூரம் போகணும்? அவுகளும் வேண்டாம்னுட்டாக."

அப்பா செய்தித்தாளை விரித்து முகத்துக்கு நேராகப் பிடித்திருந்தார்.

நான் கூடத்தில்தான் இருந்தேன். வாயில் பபிள்கம்.

செப்டம்பர் 10, புதன்

திருநெல்வேலி போகவில்லை. ரசம், உருளைக்கிழங்கு வறுவல். கணக்கு டெஸ்டில் 31.

செப்டம்பர் 19, வெள்ளி

இடைவேளையில் எல்லாரும் கூடி, "மயிலு, லாரி எடு" என்றார்கள். எடுத்தேன். மூன்று இழுப்பும் சரி, ஓட்டமும் சரி. கடைசிக் கீச்சில் பிரிசில்லா கையைத் தட்டி, "ஏ, வந்திருச்சுட்டி!" என்று குதித்தாள்.

இப்போது அது அப்பாவுக்கு அப்படி முடிவதில்லை. கீச்சுக்குப் பிறகு இன்னொரு கீச்சு வருகிறது. உதட்டைக் குவித்துக்கொண்டு, சூடான காபியை ஆற்றுவதுபோல் ஊதிக்கொண்டே உட்கார்ந்திருக்கிறார். மூச்சை வாங்கி வாங்கி வைத்துக்கொள்கிறார், திருப்பித் தருவதாக இல்லை.

இதை அவளிடம் சொல்லவில்லை.

அக்டோபர் 5, ஞாயிறு

மேட்ச் பார்க்கக்கூட அப்பா போகவில்லை. வெயிலாம். வானம் முழுக்க மேகம்.

மாடியில் இருந்த அவருடைய கட்டிலைக் கீழே கூடத்துக்குக் கொண்டுவந்தோம். "கீழதான் காத்தோட்டம்" என்றாள் அம்மா. கீழே ஜன்னல் ஒன்று, மாடியில் நான்கு.

"யம்மா, அந்த டாக்டர்ட்ட ஒரு எட்டு போயிட்டு வந்துருவோமா?"

"தீபாவளி முடியட்டும்."

"பபிள்கம் விஷயத்துல ஒண்ணு சொல்லணும்..."

"உன் பவுச எல்லாம் நாங்கதான் பாத்தமே. போயி படி."

போய்ப் படித்தேன்.

அக்டோபர் 20, திங்கள், தீபாவளி

தெருவில் விடியலிலிருந்தே வெடி. சிவகாசி நமக்குப் பக்கத்துத் தெரு மாதிரி, புகைக்குக் குறைச்சலா? ஜன்னலை அடைத்தோம். கதவிடுக்கில் ஈரத்துணி வைத்தோம். புகைக்கு யாரும் வழி காட்டவேண்டிய அவசியமே இல்லை, அதுவாகவே உள்ளே வந்துவிட்டது.

எட்டு மணிக்கு அப்பா புதுச்சட்டையில் ஒரு கையை மட்டும் நுழைத்தார். இன்னொரு கை வெளியே நின்றுவிட்டது. உதடு நாவல்பழம் தின்றது மாதிரி ஆகிவிட்டது.

ஆம்புலன்ஸில் நானும் ஏறினேன். வழியெல்லாம் மத்தாப்பு கொளுத்துகிறார்கள்.

அக்டோபர் 21, செவ்வாய்

திருநெல்வேலி ஆஸ்பத்திரி. அப்பா முகத்தில் மாஸ்க்.

ஒரு சிஸ்டர் பேடில் செருகிய தாளைத் தந்து நிரப்பச் சொன்னார். பெயர், வயது, சர்க்கரை, பிரஷர். ஒன்பதாவது கேள்வி: புகைப்பழக்கம், இப்போது அல்லது முன்பு. எத்தனை வருடம், நாளுக்கு எத்தனை.

"இல்லைன்னு போடு" என்றாள் அம்மா.

"யம்மா, இது ஆஸ்பத்திரி."

"எனக்கு இருக்கது ரெண்டு பேரு. ஒருத்தர் மூச்சுக்கு இழுத்துக்கிட்டுக் கெடக்காரு. பேரச் சொல்லி உன்னையும் கொண்டுபோயிக் குடுக்கச் சொல்லுதியா?"

அவளை மருந்து வாங்க அனுப்பினார்கள். நான் கட்டில் ஓரம் குனிந்தேன்.

"யப்பா, ஒம்பதாவது கேள்வி. என்ன எழுத?"

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். மாஸ்க்குக்குள் ஆவி படிந்து படிந்து விலகியது. தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். பிறகு போர்வைக்கு வெளியே ஒரு கை வந்தது. இரண்டு விரல். இரண்டா என்றேன். இல்லையென்று தலையை ஆட்டி, என் கையை இழுத்து, உள்ளங்கையில் ஒரு சதுரம் போட்டார். பாக்கெட். ஒரு நாளைக்கு இரண்டு பாக்கெட். அதன் கீழே நகத்தால் 28 என்று எழுதினார்.

எழுதினேன். என் கையெழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கும் என்பார்கள். இன்று எல்லாருக்கும் புரிகிறாற்போல் எழுதினேன்.

அக்டோபர் 22, புதன்

நெஞ்சு டாக்டர் அம்மாவையும் என்னையும் கூப்பிட்டார். கையில் அந்தத் தாள்.

"இருபத்தெட்டு வருஷம், நாளைக்கு ரெண்டு பாக்கெட். இத ஏன் உள்ளூர் டாக்டர்ட்ட சொல்லல? இது வெறும் வீசிங் இல்லம்மா. நுரையீரல்ல இருக்க சின்னச் சின்னப் பையெல்லாம் பழைய எலாஸ்டிக் மாதிரி தொளதொளன்னு ஆயிருச்சு. காத்து உள்ள போகும், வெளிய வராது. அது போக இப்ப சளியும் கட்டிருக்கு."

"அவுக விட்டுப் பதினாறு வருஷம் ஆச்சே டாக்டர்" என்றாள் அம்மா. விட்டது எது என்று அப்போதும் சொல்லவில்லை.

"விட்டதாலதான் இன்னிக்கு இங்க படுத்திருக்காரு. இல்லேன்னா எப்பவோ போயிருப்பாரு. ஆனா அந்த இருபத்தெட்டு வருஷம் உள்ளேயே இருக்கும்மா. வயசாக வயசாகத்தான் தெரியும்."

"சரியாயிருமா?"

"போனது திரும்பாது. இருக்கத வச்சு ஓட்டணும். ஒவ்வொரு தடவ இப்படி முடியாம வந்து படுக்கும்போதும் இன்னும் கொஞ்சம் போகும். போன மாசம் வரச் சொல்லிருந்தாங்களாமே? வந்திருந்தா இந்தத் தடவ விழாமத் தடுக்கப் பாத்திருக்கலாம். ஏன் வரல?"

அம்மா என்னைப் பார்த்தாள். நான் என் செருப்பைப் பார்த்தேன்.

வெளியே வராந்தாவில், "யாரு எழுதுனது?" என்றாள். கட்டிலுக்குப் போனோம். "யாரு சொன்னது?" என்று அங்கேயும் கேட்டாள். அப்பாவுக்கு விழிப்பு இருந்தது. மாஸ்க்கும் இருந்தது. அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நானாத்தான் எழுதுனேன்" என்றேன். "பழைய போட்டோ பாத்து, அடிச்சுவிட்டேன்."

அதற்கும் நம்பிக்கை கிடைத்தது. செய்வா, செய்வா.

இன்று கந்தசஷ்டி ஆரம்பம். அம்மா விரதம் பிடித்துவிட்டாள். எனக்காக. என்னோடு பேசவில்லை.

அக்டோபர் 27, திங்கள்

அம்மா சூரசம்ஹாரத்துக்குத் திருச்செந்தூர் போய்விட்டு வந்தாள். புடவை ஓரத்தில் மணல். என் நெற்றியில் இலை விபூதியை அழுத்திப் பூசினாள். வலித்தது. ஆறு நாளில் அதுதான் முதல் பேச்சு.

அக்டோபர் 30, வியாழன்

ஒரு குழாயைக் கொடுத்து அப்பாவை ஊதச் சொன்னார்கள். டெஸ்ட் எடுக்கிற அண்ணன் ஸ்கூல் ஸ்போர்ட்ஸ் மாதிரி கத்தினான்: "ஊதுங்க, ஊதுங்க, ஊதுங்க, ஊதுங்க! விடாதீங்க! இன்னும்! இன்னும்!"

மூன்று தடவை. கம்ப்யூட்டரில் ஒரு மலை வரவேண்டுமாம். அப்பாவுக்கு ஒரு வேகத்தடை வந்தது.

நான் சிரிக்கவில்லை. எழுதிப் பார்த்தேன், இப்போதும் வரவில்லை.

நவம்பர் 2, ஞாயிறு

வீட்டுக்கு வந்துவிட்டோம். ஆக்சிஜன் மெஷினும் வந்துவிட்டது. பழைய ஃப்ரிட்ஜ் மாதிரி உறுமிக்கொண்டே இருக்கிறது. ஒரு நாளைக்குப் பதினாறு மணி நேரம் மூக்கில் குழாய். பக்கத்தில் நெருப்பு ஆகாது. அதனால் விளக்கு சாமி அறையில் மட்டும், கதவைச் சாத்தி. கொசுவத்தியும் கூடாது. பித்தளைத் தட்டு காலியாகக் கிடக்கிறது, மூன்று பள்ளத்தோடு.

தீப்பெட்டிக் கம்பெனியில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர் வீட்டில் தீக்குச்சி கிழிக்கப் பயப்படுகிறோம்.

நவம்பர் 9, ஞாயிறு

மைதானத்தில் இன்று மேட்ச். காற்று இந்தப் பக்கம் அடித்தால் விசில் சத்தம் கூடம் வரை வருகிறது. அப்பா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தலையணைக்கு அடியிலிருந்து தன் விசிலை எடுத்தார். வாயில் வைக்கவில்லை. காதருகே பிடித்து ஆட்டினார். கலகலவென்று உள்ளே குண்டு உருண்டது.

"ஏட்டி." ஒரு வார்த்தை, ஒரு மூச்சு. "அன்னிக்கு... ஒரு மணி நேரம்... குத்திப் பாத்தேன். பபிள்கம்... துளி கூட இல்ல."

"தெரிஞ்சுக்கிட்டேதான் அறஞ்சீகளா?"

"விசிலப் பிடுங்கினியே... அப்பவே சத்தம் கேட்டுச்சு. குண்டு... உருண்டுச்சு."

"அப்பறம் ஏன் டாக்டர்ட்ட போக வேண்டாம்னீக?"

மெஷின் உறுமியது. வெளியே யாரோ கோல் போட்டார்கள். கத்தல் வந்து அடங்கியது.

"நீ சொன்னது... எனக்கு வசதியா இருந்துச்சு."

நான் அழவில்லை. கெட்ட கோபம் வந்தது. என்ன சொன்னேன் என்று அப்படியே எழுதுகிறேன்: "உனக்காக விட்டேன், உனக்காக விட்டேன்னு பதினாறு வருஷமாச் சொன்னீகளே. ஒருத்தர்ட்டயாவது, எனக்காகவே, வாயத் தொறந்து சொல்லிருக்கலாம்ல? ரெண்டு தடவ உங்களுக்காகப் பழி ஏத்துக்கிட்டேன். ரெண்டு தடவையும் பாத்துக்கிட்டு இருந்தீக."

சத்தம் கேட்டு அம்மா சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்தாள். "என்னட்டி, முடியாத மனுசன்கிட்ட..."

"உமை" என்றார் அப்பா. அம்மா பெயர் உமையம்மாள். பெயர் சொல்லி அவர் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. "அந்தத் தாளு... அவ அடிச்சுவிடல. நாந்தான்... சொன்னேன்."

"பேசாதீக. மூச்சு வாங்குது."

"சிகரெட்டு" என்றார் அப்பா. ஒரு மூச்சு. "ரெண்டு பாக்கெட்டு." ஒரு மூச்சு. "சிகரெட்டு, உமை."

அம்மா அப்பாவைப் பார்க்கவில்லை. கரண்டியைப் போட்டுவிட்டு என்னிடம் ஓடி வந்தாள். நெற்றியைத் தொட்டாள், கழுத்தைத் தொட்டாள், கண் இமையை இழுத்துப் பார்த்தாள், என் இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். குழம்பு ஈரம் என் கழுத்தில் ஒட்டியது. நாங்கள் மூன்று பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

அம்மா மெதுவாகக் கையை எடுத்தாள். அப்பாவின் மூக்கிலிருந்த குழாயைப் பார்த்தாள். ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி எங்கள் தெரு டாக்டரிடம் அதன் பெயரைச் சொல்லியிருந்தாலும் எனக்கு ஒன்றும் ஆகியிருக்காது.